எலும்பு பிடிக்கும் வரை

பதுளையில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சிங்களம் சரியாக வராத தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கூண்டில் ஏறித் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லவேண்டும். நீதவானும் சட்டத்தரணிகளும் சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் சொல்லவேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இதுதான் என் பிழைப்பு. இதற்கு இரண்டு பாஷையும் ஒரு வாயும் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பல்லும் வேண்டும் என்பது ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது வந்ததும் ஈறு கெட்டது. ஈறு கெட்டதும் கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்தன. காலையில் பல் கிளினிக் வரிசையில் நின்று, ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடியே வேலைக்குப் போன நாட்கள் உண்டு. மேல்வரிசையில் கடைவாய் இரண்டு பக்கமும் காலியாகி, பல வருஷம் கழித்து முன்பற்களும் போயின. கீழ்வரிசை எப்படியோ தப்பிவிட்டது. மேலே முழுவதும் கட்டுப்பல்.

முதல் வருஷம் அது நன்றாகத்தான் பிடித்து நின்றது. பிறகு தளர்ந்தது. புதிதாக ஒன்று செய்தேன், அதுவும் தளர்ந்தது. அடியில் பசை தடவி ஒட்டிக்கொண்டு காலையில் வேலைக்குப் போனால் பதினொரு மணிக்கெல்லாம் பசை கரைந்துவிடும். அதன் பிறகு நாக்கின் நுனியால் கட்டுப்பல் தட்டை மேலே தாங்கிக்கொண்டேதான் பேசவேண்டும். நாக்கு ஒரு வேலைக்குத்தான். தாங்குவதற்கும் பேசுவதற்கும் சேர்த்து அதை ஓட்டினால் சாயங்காலம் அடிநாக்கு வலிக்கும்.

அப்படி ஒரு நாள் தோட்டத்துப் பெண் ஒருத்தி சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் மாவுக்கட்டு. லயத்து வீட்டுப் படியில் நின்றபோது புருஷன் பின்னால் வந்து தள்ளிவிட்டதாக வழக்கு. அவள் சொன்னாள்:

"படியில நின்னேங்க. பின்னால வந்து தள்ளிட்டாருங்க."

சிங்களத்தில் தள்ளுவதைத் 'தல்லு' என்று தொடங்கித்தான் சொல்லவேண்டும். பிடிப்பதற்கு உள்ள சொல் 'அல்ல' என்று தொடங்கும். முதல் எழுத்து விழுந்தால் காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த எழுத்துக்கு நாக்கு மேல்பல்லின் பின்புறத்தைத் தொடவேண்டும். நான் வாயைத் திறந்த நேரம் தட்டு கீழே இறங்கியது. 'த' வரவில்லை. வெறும் காற்றும் மிச்ச எழுத்துகளும்தான் வெளியே போயின.

எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி உடனே எழுந்தார். "விழப்போனவரைக் கணவன் பிடித்தான் என்று சாட்சியே சொல்கிறார்" என்றார்.

நீதவான் என்னைப் பார்த்தார். பெண்தான், என்னைவிட வயதில் சிறியவர். "என்ன சொன்னார் என்று மெதுவாக இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டைவிரலால் தட்டை அண்ணத்தில் அழுத்தி ஏற்றிவிட்டு, திரும்பி வந்து சொன்னேன். தள்ளினார். தள்ளினார் என்றுதான் சொன்னார். பதிவும் அப்படியே ஆனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கூண்டில் நின்ற பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. குனிந்து என்னிடம் கேட்டாள்.

"நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனாங்க?"

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தட்டைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். அவர், "எலும்புலயே ஆணி மாதிரி முறுக்கி வைக்கிறாங்களாமே, அது கழண்டு விழாதாம். கேட்டுப் பாப்போமா?" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

*

கண்டியிலிருந்து ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் சனிக்கிழமைகளில் பதுளையில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்கு வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதுதான் இருக்கும், அதற்குள் தலை பாதி நரைத்திருந்தது. வாயைப் பார்த்துவிட்டு முதலில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அதற்குக் கண்டிக்குப் போகவேண்டும். மகியங்கனைப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் அந்த மலை வளைவுகளில் ஏறி இறங்கி, ஒரு நிமிஷப் படத்துக்காக ஒரு முழு நாள் போனது.

அடுத்த சனிக்கிழமை அவர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. இது உங்கட மேல்தாடை. இந்தக் கறுப்பாத் தெரியிறது எலும்பில்லை, காத்து. மூக்குக்கு ரெண்டு பக்கத்திலயும் எல்லாருக்கும் இப்பிடி ஒரு காத்தறை இருக்கு. பல்லு இருக்கும்வரைக்கும் அது மேலதான் நிக்கும். பல்லு போன பிறகு மெல்ல மெல்லக் கீழ இறங்கும். கீழ இருக்கிற எலும்பும் கரைஞ்சு போகும்."

"எனக்கு எவ்வளவு எலும்பு இருக்குங்க டொக்டர்?"

"கடைவாயில ரெண்டு பக்கமும் முட்டைக் கோது மாதிரித்தான். முன்பல்லு பிந்தித்தானே போனது, அதால முன்னுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கு. இந்தக் கோதில இம்ப்ளாண்ட் ஆணியை முறுக்கினா அது நேரே காத்தறைக்குள்ள போய் விழுந்திடும்."

"அப்ப முடியாதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"முடியும் ஐயா. முதல்ல எலும்பு வைக்கவேணும்."

தாடையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டுவாராம். காற்றறையின் உள்ளே வெங்காயத் தோல் மாதிரி ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதைக் கிழியாமல் மெதுவாக மேலே தூக்கிவிட்டு, கீழே உண்டாகும் இடத்தில் எலும்புத் தூளை அடைப்பாராம். உடம்பு அந்தத் தூளைப் பற்றிக்கொண்டு தன் எலும்பை அதற்குள் வளர்க்க ஆறு மாதத்துக்கு மேல் போகும். அது பிடித்தால்தான் இம்ப்ளாண்ட். அதுவும் பிடிக்க இன்னும் சில மாதம். அதற்குப் பிறகுதான் பல்.

"ரெண்டு பக்கத்தையும் ஒரே நாளில செய்யமாட்டன். முதல்ல வலப்பக்கம். அது சுகப்பட்ட பிறகு இடப்பக்கம்" என்றார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "இன்னொரு விசயம். நான் வைக்கிற தூள் மாட்டெலும்பிலயிருந்து செய்யிறது. சூடாக்கி, சுத்தப்படுத்தி, கடைசியா வெறும் சுண்ணாம்புக்கூடு மாதிரித்தான் மிஞ்சும். எண்டாலும் சைவ ஆக்கள் சிலபேர் வேண்டாம் எண்டுவினம். அதால முதலே கேக்கிறன்."

எங்கள் வீட்டில் கோழி சமைப்போம், ஆட்டிறைச்சி சமைப்போம். மாட்டிறைச்சி வாசலுக்குள் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வேறு வழி உண்டா என்று கேட்டேன். கீழ்த்தாடையின் பின்பக்கத்திலிருந்து என் எலும்பையே கொஞ்சம் சுரண்டி எடுக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் வலிக்கும், இரண்டு பக்கத்துக்கும் அது போதாது என்றார். செயற்கைத் தூளும் உண்டு, ஆனால் தனக்கு அதில் அவ்வளவு கைப்பழக்கம் இல்லை என்றார்.

"யோசிச்சுட்டுச் சொல்றோங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்குப் போய் யோசித்து, இன்னொரு சனிக்கிழமை திரும்பி வந்து, மறுபடி அந்த நாற்காலியில் காத்திருப்பதை நினைத்தாலே எனக்குச் சோர்வாக இருந்தது. "எதுல உங்களுக்கு நல்லா கை வருமோ அதையே வைங்க டொக்டர்" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். துணிச்சல் என்று யாரும் நினைக்கவேண்டாம். எப்படியாவது இது முடிந்தால் சரி என்றிருந்தது.

ஆனால் அதுவும் உடனே நடக்கவில்லை. மூன்று மாதச் சீனிக் கணக்கைக் காட்டும் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, இது இறங்கும்வரை கத்தி வைக்கமாட்டேன் என்றார் டொக்டர். அதனால் காலையில் நடை, சாயங்காலம் நடை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. சோறு ஒரு கைப்பிடி. நமுனுகுல மலையில் மேகம் இறங்கி மழை தூறும் நாட்களிலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வீதி மேட்டில் ஏறி இறங்கினேன். சோதனையில் எண் இறங்க மறுத்தது. பிறகு கொஞ்சம் இறங்கியது. பிறகு போதும் என்று அவர் சொல்லும் அளவுக்கு இறங்கியது. அந்த மாதங்களிலும் நீதிமன்றத்தில் பசை தடவிய தட்டோடுதான் நின்றேன்.

*

வலப்பக்கச் சிகிச்சைக்கு மயக்க மருந்து இல்லை, விறைப்பு ஊசி மட்டும்தான். வலி தெரியாது என்றார்கள், உண்மைதான், தெரியவில்லை. சத்தம் தெரிந்தது. எலும்பை அரைக்கும் சத்தம் காதுக்குள் வராமல் மண்டைக்குள்ளேயே பிறந்தது போல இருந்தது. முகத்தை மூடிய பச்சைத் துணிக்கு மேலே டொக்டரும் நேர்ஸும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். அவர் அவளிடம் சிங்களத்தில் பேசினார், என்னிடம் தமிழில் பேசினார். பழக்க தோஷத்தில் நான் மனசுக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி மொழிபெயர்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு கட்டத்தில் "சவ்வு வடிவா எழும்புது" என்றார். அதைக் கேட்டதும் காலை நீட்டிக்கொண்டேன். அதுவரை மடக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்தது. மூக்குச் சிந்தக்கூடாது. குழாய் வைத்து எதையும் உறிஞ்சக்கூடாது. குனிந்து பாரம் தூக்கக்கூடாது. தும்மல் வந்தால் அடக்கக்கூடாது, வாயை அகலத் திறந்துவிட வேண்டும். வாயை மூடித் தும்மினால் அந்த அழுத்தத்தில் வைத்த தூள் கலைந்துபோகும் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். முக்கியமாக, காயம் ஆறும்வரை கட்டுப்பல்லைத் தொடவே கூடாது.

எனக்கு உதவிக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், இன்னும் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி, இது என்ன மூஞ்சி!" என்று பையைக் கீழே வைத்தார். பையில் அரிசிக் குருணையும் வல்லாரைக் கட்டும் இருந்தன.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அண்ணி அடுப்பில் செத்தல் மிளகாயைத் தாளித்தார். நெடி அறைக்குள் வந்தது. எனக்குத் தும்மல் கிளம்பியது.

"வாயத் தொற! வாயத் தொற!" என்று என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

நான் பொக்கை வாயை அகலத் திறந்து, உடம்பே குலுங்கத் தும்மினேன். எச்சில் அவர் சட்டையில் பட்டது. அண்ணி அகப்பையோடு வாசலில் நின்று பார்த்தார். சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணி போகும்வரை அந்த வீட்டில் மிளகாய் தாளிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஆறிய கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே அண்ணி கேட்டார்.

"எலும்பு வச்சாங்கன்னு தம்பி சொன்னான். யாரு எலும்பும்மா?"

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து எனக்குக் கண் காட்டினார், சொல்லாதே என்று. எனக்குப் பொய்யை யோசித்து எடுக்கத் தெம்பில்லை. நாள் முழுவதும் மற்றவர்கள் சொன்னதைச் சொன்னபடி சொல்லியே பழகியவள் நான்.

"மாட்டெலும்பு அண்ணி. தூளாக்கினது."

கரண்டி நின்றது. அண்ணி பிறகு மிச்சக் கஞ்சியையும் ஊட்டினார். எழுந்து போய் அந்தக் கோப்பையையும் கரண்டியையும் கழுவி, மற்றப் பாத்திரங்களோடு வைக்காமல் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்தார். அடுத்த வேளையும் அதே கோப்பை, அதே ஜன்னல் விளிம்பு.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "என்னக்கா பண்ற? அவ வாய்ல என்ன தீட்டா?" என்றார்.

"நான் ஒன்னும் சொல்லலையே. விளக்கு ஏத்துற வீடு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நான் என்னத்த செய்ய?" என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "அவளுக்குச் செய்றதுல நான் ஏதும் கொறை வச்சேனா?"

குறை வைக்கவில்லை. என் தலையணையை உயர்த்தி வைத்ததும், கன்னத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தந்ததும், என் சேலைகளைத் துவைத்துக் காயப்போட்டதும் அவர்தான். அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாக இருந்தது. எனக்கு வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் சண்டை பிடிக்கிற நிலையில் நான் இல்லை. அவர் மனசு அவருக்கு. அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போன பிறகு நான் அந்தக் கோப்பையை எடுத்து மற்றதோடு சேர்த்து வைத்தேன்.

*

மேல்பல் இல்லாத வாயோடு முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். கூண்டுப் பக்கம் என்னை விடவில்லை. பண்டாரவளையிலிருந்து வேறொருவரை அழைத்துக்கொண்டு, எனக்கு ஆவணங்களை மொழிபெயர்க்கும் எழுத்து வேலை தந்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதும்போது கூடத்திலிருந்து ஒரு தமிழ்க்குரலும் அதற்குப் பின்னால் வேறொருவரின் சிங்களமும் கேட்கும். கை தானாக நின்றுவிடும். அவர் சொன்னது சரிதானா என்று காது பார்த்துக்கொண்டே இருக்கும்.

சில மாதம் கழித்து இடப்பக்கம். அதே நாற்காலி, அதே பச்சைத் துணி, அதே சத்தம். இந்தத் தடவை சத்தம் பாதியிலேயே நின்றது. பிறகு டொக்டர் நேர்ஸிடம் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அதைத் தமிழில் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. கிழிந்துவிட்டது.

சின்னக் கிழிசல் என்றால் ஒட்டுப் போட்டுவிட்டு மேலே போகலாமாம். இது பெரிதாம். துணியை விலக்கி என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, இந்தப் பக்கத்துச் சவ்வு சரியான மெல்லிசு. கிழிஞ்சு போச்சு. இப்ப தூளை வைச்சா உள்ளுக்கு விழுந்து பழுதாக்கிப்போடும். ஒண்டும் வைக்காமல் மூடித் தைக்கப்போறன். இது ஆறட்டும். பிறகு திரும்பச் செய்வம்."

என் வாய் விறைத்திருந்தது. கையை மட்டும் அசைத்தேன், சரி என்று.

வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரிடமும் அவரே வந்து சொன்னார். யாருடைய பிழையும் இல்லை, சில பேருக்கு இப்படி நடக்கும் என்று விளக்கினார். ஆட்டோவில் வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஊர்வலம் போல நெரிசல். ஆட்டோ நின்றது. எனக்கு அழுகை வந்தது. மூக்குச் சிந்தக்கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது. அதனால் கண்ணால் மட்டும் அழுதேன். மூக்கிலிருந்து வந்ததை அவர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். அது வெளிறிய ரத்தமாக இருந்தது.

"போதும்னா போதும்" என்றார். "யாரும் ஒன்ன கட்டாயப்படுத்தல."

"இப்ப ஒன்னும் கேக்காதீங்க" என்று கையால் சாடை காட்டினேன்.

ஒன்றும் வைக்காத அந்தப் பக்கமும் வைத்த பக்கம் போலவே வீங்கியது. அதே கஞ்சி, அதே மாத்திரை, அதே எச்சரிக்கைகள். வீட்டில் என்னை யாராவது "எப்படி இருக்கு?" என்று கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டேன். அடுத்த வீட்டு அம்மா, தன் மாமியார் எழுபது வயதிலும் கட்டுப்பல்லோடு கரும்பு தின்றதாகச் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

*

நாலைந்து மாதம் போன பிறகு மறுபடி ஸ்கேன், மறுபடி சனிக்கிழமை. வலப்பக்கம் எலும்பு நன்றாகப் பிடித்திருந்தது. முன்பு கறுப்பாக இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் மேகம் போல ஒரு திரட்சி. டொக்டருக்கு மகிழ்ச்சி. அதை எனக்குப் பெரிதாக்கிக் காட்டினார். என் முகத்துக்குள் என்னுடையதாகவும் இல்லாமல் மாட்டினுடையதாகவும் இல்லாமல் ஏதோ ஒன்று கெட்டியாகியிருந்தது. பார்த்தேன். சரி என்று தோன்றியது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"இடப்பக்கம் சவ்வு ஆறியிருக்கு. அடுத்த மாசம் திரும்பச் செய்து பாப்பம்" என்றார்.

"வேணாங்க டொக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அம்மா? பாதி வந்திட்டம். திரும்பச் செய்தா ரெண்டு பக்கமும் கழட்டாத பல்லு வைக்கலாம். நீங்கள் அதுக்குத்தானே வந்தனீங்கள்?"

"நான் பேசுறதுக்கு வந்தேங்க. இருக்கிற எலும்புல ஏதாச்சும் செய்ய முடியுமான்னு பாருங்க. முடியலன்னா விட்டுருங்க. இன்னொரு தடவ அந்தச் சிகிச்சைக் கதிரையில படுக்க எனக்கு மனசு இல்ல."

அவருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல கைகாரர், அரைகுறையாக விடுவது அவர் சுபாவம் இல்லை. திரும்பவும் கிழியாது என்று உறுதி தரமுடியுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டொக்டர் கொஞ்சம் யோசித்து, "உறுதி தரமாட்டன்" என்றார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடித்தது. பிறகு அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் அளந்து பார்த்தார்.

"முன்னுக்கு ரெண்டு வைக்கலாம். வலப்பக்கம் புது எலும்பில ரெண்டு. நாலிலயும் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு கொளுவி. கட்டுப்பல்லு அதில அமத்திக் கொளுவி நிக்கும். ஆனா கழட்டிப் போடுற பல்லுத்தான். இடப்பக்கம் கடுமையா ஒண்டும் சப்பக்கூடாது."

"பேசினா விழுமாங்க?"

"விழாது."

"அப்ப அது போதும்."

இம்ப்ளாண்ட் வைத்த நாள், முந்திய இரண்டு நாட்களை விட லேசாகத்தான் இருந்தது. பிறகு மறுபடி மாதங்கள். காத்திருப்பது எனக்கு ஒரு வேலை போல ஆகிவிட்டது. காலையில் எழும்போதே அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் எழும்புவேன். அரைவாசிக் காலத்தில் முன்பக்கத்து ஒன்று ஆடுவது போல எனக்குப் பட்டது. சனிக்கிழமை வரை நாக்கால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நாக்கே புண்ணாகிவிட்டது. டொக்டர் தட்டிப் பார்த்து, ஆடவில்லை, முரசுதான், அதாவது ஈறுதான், வீங்கியிருக்கு என்றார். வீட்டுக்காரர் அன்று திரும்பும்போது ஆட்டோக்காரரோடு விலைவாசியைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். அவரும் எவ்வளவு பயந்திருந்தார் என்று எனக்கு அதில் தெரிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை புதுத் தட்டை வைத்து அழுத்தினார்கள். டக்கென்று ஒரு சத்தம். நாக்கால் தள்ளினேன், அசையவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கையில் தந்தார். கண்ணாடியில் தெரிந்தது வயதான, மெலிந்த ஒரு பெண். பல் மட்டும் புதியது.

"ஏதும் கதைச்சுப் பாருங்கோ" என்றார் டொக்டர்.

இரண்டு பாஷையிலும் என் பெயரையும் ஊரையும் சொன்னேன், சாட்சியிடம் முதலில் கேட்பது போல. தடங்கல் இல்லாமல் வந்தது. நேர்ஸ் கை தட்டினாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

*

கூண்டுப் பக்கம் நான் திரும்பிப் போன முதல் நாள், தெமோதரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சாட்சிக்கு வந்திருந்தார். வேலித் தகராறு. ஒரு கேள்வி கேட்டால் மூன்று தலைமுறையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பதிலுக்கு வருவார். "நேராப் பதில் சொல்லுங்க ஐயா" என்றால், "அதுக்குத்தாங்க வர்றேன்" என்பார். அவர் சொன்னது முழுவதையும் நான் சிங்களத்தில் சொன்னேன். அவருடைய பலா மரத்தையும், எல்லைக் கல்லையும், செத்துப்போன தம்பியையும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அவரே. ஒரு வார்த்தையைக்கூட யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நீதவான் ஒரு தரம் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அது எனக்கா, பெரியவரின் பலா மரத்துக்கா என்று தெரியவில்லை.

நான் நினைத்திருந்தேன், பல் சரியானால் இந்தக் களைப்புப் போய்விடும் என்று. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது அப்படியே இருந்தது. கட்டுப்பல்லைத் தாங்கிய களைப்பு மட்டும் இல்லை. நாள் முழுவதும் மற்றவர்களின் சண்டையையும் அடியையும் என் வாய்வழியாக எடுத்துக் கொடுத்த களைப்பு. அதற்கு எந்த எலும்பும் வைக்க முடியாது. இத்தனை வருஷம் எல்லாப் பழியையும் பல்லின் மேல் போட்டிருந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் ரொட்டி சுட்டு, பருப்பு வைத்திருந்தார். "எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"விழலங்க" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. வலப்பக்கமாகவே மெதுவாக மென்று இரண்டு ரொட்டி சாப்பிட்டேன். மறுநாளும் வழக்குகள் இருந்தன. பாத்திரத்தை அவர் கழுவுவதாகச் சொன்னார். நான் வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் படுத்துக்கொண்டேன்.